திட்டுகிறவர்களும் திரும்பாதவர்களும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, ஒரு இருபது நிமிஷம் பேசணும். பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது சொல்லு" என்றார். "எதைப் பத்திண்ணே பேசுறது?" என்று கேட்டேன். "உனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம் எதுவோ அதைப் பேசு" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு நல்லாத் தெரிந்த விஷயம் எது என்று இரவு முழுக்க யோசித்தேன். மனசாட்சி சொன்ன பதில் மேடையில் சொல்லக்கூடியதாக இல்லை. அது கம்ப்யூட்டர் விளையாட்டு!

சிரிக்காதீர்கள். நான் இந்தக் கல்லூரியில் 2007-ல் சேர்ந்தேன். அப்போது விடுதியில் அறைக்கு அறை கம்பி இழுத்து 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆடிக்கொண்டிருந்தோம். அதன் முதல் பாகம் 1997-ல் வந்தது, இரண்டாம் பாகம் 1999-ல். எங்களுக்குக் கிடைத்ததே பழசுதான். ஆனாலும் விடிய விடிய ஆடினோம். காலை முதல் வகுப்பில் நான் ஏன் தூங்கினேன் என்று இத்தனை ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் யாராவது இங்கே இருந்தால், இப்போது காரணம் தெரிந்திருக்கும். மன்னித்துவிடுங்கள் ஐயா.

அன்று எங்களைப் பொறுத்தவரை ஒரு விளையாட்டு தகட்டில் வந்தால் வந்ததுதான். நல்லது, கெட்டது எல்லாம் அந்தத் தகட்டோடு முடிந்தது. இன்று அப்படி இல்லை. வாங்கிய பிறகும் விளையாட்டு மாறிக்கொண்டே இருக்கிறது. செய்தவர்கள் மாற்றுகிறார்கள், ஆடுகிறவர்கள் பாராட்டுகிறார்கள் அல்லது திட்டுகிறார்கள், அதைப் பார்த்து மறுபடி மாற்றுகிறார்கள். இந்தப் போக்குவரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 'பாரடாக்ஸ்' என்றொரு நிறுவனம் இருக்கிறது. உலக வரைபடத்தை விரித்துவைத்து நாட்டை ஆளும் விளையாட்டுகள் செய்வதில் பேர்போனவர்கள். 2019 ஏப்ரல் 25 அன்று 'இம்பரேட்டர்: ரோம்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கதை கி.மு. 304-ல் தொடங்குகிறது. அலெக்சாண்டர் இறந்து 19 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய தளபதிகள் பேரரசைக் கூறு போட்டு அடித்துக்கொள்கிறார்கள். ரோம் இத்தாலியில் வளர்ந்துவரும் ஒரு குடியரசு மட்டுமே. கார்த்தேஜ் கடலை ஆள்கிறது. வரைபடத்தின் ஒரு கோடி பிரித்தானியத் தீவுகள், மறு கோடி நம் இந்தியா. சந்திரகுப்த மௌரியரின் பேரரசையும் நீங்கள் எடுத்து ஆளலாம். கேட்கும்போதே நாக்கில் எச்சில் ஊறுகிறது அல்லவா? எனக்கும் ஊறியது. வெளிவந்த முதல் வாரமே காசு கொடுத்து வாங்கினேன்.

ஆடிப் பார்த்தவர்களில் பெரும்பகுதியினர் கோபப்பட்டார்கள். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் இராணுவம், நிர்வாகம், பேச்சுத்திறன், சமயம் என்று நான்கு வகை 'சக்தி' உண்டு. மாதாமாதம் சம்பளம் போல அது கணக்கில் ஏறும். ஒரு நகரத்து மக்களின் மதத்தை மாற்றவேண்டுமா? இவ்வளவு புள்ளி கொடு, பட்டனை அமுக்கு, மறு நொடியே மாறிவிடுவார்கள். பண்பாட்டை மாற்றவேண்டுமா? இன்னொரு பட்டன். அடிமையை அடுத்த நிலைக்கு உயர்த்தவேண்டுமா? அதற்கும் பட்டன். ஆட்டக்காரர்கள் இதற்கு 'மனா' என்று பெயர் வைத்தார்கள். மாயாஜாலக் கதை விளையாட்டுகளில் மந்திரவாதி செலவழிக்கும் மந்திரப் புள்ளிக்கு அந்தப் பெயர். அதாவது, "நாங்கள் கேட்டது பண்டைய உலகம். நீங்கள் கொடுத்தது மந்திரக்கோல்" என்பதே குற்றச்சாட்டு. ஒரு சமூகம் மாற நூறு ஆண்டு ஆகும். இங்கே ஒரு சொடுக்கில் மாறினால் அதில் என்ன வரலாறு இருக்கிறது?

'ஸ்டீம்' என்ற இணையக் கடையில் விளையாட்டு வாங்கியவர்கள் கட்டைவிரலை மேலே காட்டலாம், கீழே காட்டலாம், நாலு வரி எழுதலாம். கீழே காட்டியவர்கள் ஏராளம். அவர்களில் நானும் ஒருவன். முப்பது மணி நேரம் ஆடிவிட்டு, "இது விளையாட்டு இல்லை, பட்டன் அமுக்கும் பரீட்சை. வாங்காதீர்கள்" என்று எழுதினேன். கணினியிலிருந்து அதை நீக்கினேன். ரோமாபுரியையே எரித்தவன் போன்ற திருப்தியோடு தூங்கப் போனேன்.

பிறகு நடந்ததை நான் பார்க்கவே இல்லை. பார்க்காமல் விட்டதுதான் என் தவறு. ஆனால் அது பிறகு.

செய்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கோபத்தைக் காதில் போட்டுக்கொண்டார்கள். 2019 செப்டம்பரில் 'சிசரோ' என்ற பெயரில் ஒரு திருத்தம் வந்தது. நான்கு வகைச் சக்தியும் போயே போய்விட்டது. மக்கள் மதம் மாறுவதும் பண்பாடு மாறுவதும் மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் நடக்கும்படி அமைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு கட்டடத்தைக் கட்டி, குடிவைத்த பிறகு, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே அஸ்திவாரத்தை மாற்றுவது போன்ற வேலை அது. அதன் பிறகு 'லிவி', 'ஆர்க்கிமிடீஸ்', 'மெனாண்டர்' என்று வரிசையாகத் திருத்தங்கள். ஒன்றில் சமயத்தைப் புதுப்பித்தார்கள், இன்னொன்றில் பண்பாட்டைப் புதுப்பித்தார்கள்.

கடைசியில் 2021 பிப்ரவரி 16 அன்று வந்ததுதான் பெரிய திருத்தம். எண் 2.0, பெயர் 'மாரியஸ்'. கி.மு. 107-ல் முதன்முறை கான்சல் ஆன கையஸ் மாரியஸ், சொத்தில்லாத ஏழைகளையும் ரோமானியப் படையில் சேர்த்துக்கொண்டவர். அந்தப் பெயரை வைத்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. இந்தத் திருத்தத்தின் உயிர்நாடியே படைதான்.

முன்பெல்லாம் காசும் ஆளும் இருந்தால் போதும், கடையில் சாமான் வாங்குவது போலப் படைப்பிரிவை வாங்கலாம். 2.0-ல் இரண்டு வகைப் படை வந்தது. ஒன்று, போர் வரும்போது குடிமக்களைக் கூப்பிட்டுத் திரட்டும் படை. நம் பழைய சொல்லில் நாட்டுப்படை எனலாம். அதில் எத்தனை பேர் வருவார்கள் என்பது, எந்தெந்த மக்களுக்கு நீங்கள் சம உரிமை கொடுத்துச் சேர்த்துக்கொண்டீர்களோ அதைப் பொறுத்தது. குதிரை வீரன் வருவானா, வில்லாளி வருவானா என்பது அந்த மக்களின் பண்பாட்டைப் பொறுத்தது. மற்றொன்று, சட்டம் இயற்றி, செலவு செய்து, எப்போதும் வைத்திருக்கும் நிலைப்படை. 'லீஜியன்' என்று பெயர். ஒவ்வொரு லீஜியனுக்கும் தனிப் பெயர், தனி வரலாறு, வென்ற போர்களுக்குச் சிறப்புப் பட்டம். இதில் என்ன அழகு என்றால், மக்களை எப்படி நடத்துகிறீர்களோ அதுதான் உங்கள் படை. உள்நாட்டு ஆட்சியும் போர்க்களமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன. இதோடு திரையின் தோற்றத்தையும் புதிதாக்கினார்கள், தொழில்நுட்பப் பகுதியையும் மாற்றி அமைத்தார்கள்.

இனி ஆட்டக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். பொறியாளராகப் போகிற தம்பி தங்கைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நாளைக்கு நீங்கள் எதைச் செய்து கொடுத்தாலும் இதே குரல்கள்தான் உங்களுக்கும் கேட்கும்.

முதல் குரல், மகிழ்ச்சிக் குரல். முதல் நாளே வந்திருக்கவேண்டிய விளையாட்டு இதுதான் என்றார்கள். 2.0-க்குப் பிறகு எழுதப்பட்ட மதிப்புரைகளில் கட்டைவிரல் மேலே போவது கண்கூடாகக் கூடியது.

இரண்டாவது குரல், புழங்குகிறவன் குரல். "படை நல்லாத்தான் இருக்கு, ஆனா திரையில நான் தேடுறது எங்க போச்சு? முன்னாடி ஒரே இடத்துல இருந்துச்சே, இப்ப ஏன் நாலு ஜன்னல் திறக்கணும்?" என்ற கேள்வி. கொள்கையைப் பற்றி அவனுக்குப் பேச்சே இல்லை. விரல் எத்தனை தடவை தட்டவேண்டியிருக்கிறது என்பதுதான் அவன் கணக்கு.

மூன்றாவது, இழந்தவன் குரல். பழைய முறையில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடித் தேர்ந்தவன், தன் வித்தை ஒரே நாளில் செல்லாக்காசாகிவிட்டது என்று வருந்தினான். ரசிகர்கள் தாங்களே எழுதிச் சேர்த்திருந்த கூடுதல் பகுதிகள் புதிய பதிப்பில் ஓடாமல் போயின. அவர்கள் மறுபடி முதலிலிருந்து எழுதவேண்டியதாயிற்று.

நான்காவது, கசந்தவன் குரல். "முதல் நாள் முழுக்காசு கொடுத்த நான் என்ன, சோதனை எலியா?" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு.

ஐந்தாவது குரல் ஒன்று உண்டு. அது கேட்கவே இல்லை. அது என் குரல். 2019-ல் "வாங்காதீர்கள்" என்று எழுதிவிட்டு எழுந்து போனவனின் குரல். என்னைப் போல எத்தனையோ பேர். திருத்தம் இலவசமாக வந்தது. ஏற்கனவே வாங்கியவன் ஒரு பைசா தரவேண்டியதில்லை. ஆனாலும் நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் பழைய மதிப்புரைகள் மட்டும் கடை வாசலில் பலகை மாதிரி தொங்கிக்கொண்டே இருந்தன. புதிதாக வருகிறவன் முதலில் பார்ப்பது ஒட்டுமொத்த மதிப்பைத்தான். புதிய மதிப்புரைகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பழைய கோபத்தின் பாரம் அதைக் கீழே இழுத்தது.

2021 ஏப்ரல் மாதக் கடைசியில் பாரடாக்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இம்பரேட்டரின் வளர்ச்சி வேலையை நிறுத்திவைக்கிறோம், குழுவினர் வேறு வேலைகளுக்கு மாறுகிறார்கள் என்று. பெரிய திருத்தம் வந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. செய்தியைப் படித்ததும்தான், "சரி, என்னதான் செய்திருக்கிறார்கள் பார்ப்போம்" என்று நான் மறுபடி அதைக் கணினியில் ஏற்றினேன். அன்றிரவு எபிரஸ் நாட்டை எடுத்து ஆடினேன். மணி மூன்று. விடுதி ஞாபகம் வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருந்தது. நோயாளி நன்றாக இருந்தபோது போகாமல், காரியத்துக்குப் போய் உட்கார்ந்தவன் மாதிரி இருந்தது.

நான் ஒருவன் திரும்பிப் பார்த்திருந்தால் அந்த வேலை நின்றிருக்காது என்று சொல்லவில்லை. ஒரு நிறுவனம் எடுக்கும் முடிவுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். முதல் நாள் அரைகுறையாக வெளியிட்டதற்கு விலை கொடுக்கவேண்டியவர்கள் அவர்கள்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இதே பண்டைய ரோமை வைத்து வேறொரு நிறுவனம் 'டோட்டல் வார்: ரோம் 2' என்ற விளையாட்டை 2013 செப்டம்பரில் வெளியிட்டது. அதுவும் முதல் நாளில் பிழைகளோடு வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனால் ஓராண்டில் 'எம்பரர் எடிஷன்' என்ற பெரிய திருத்தத்தை, முன்பு வாங்கியவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். ஆடுகிற கூட்டம் கலையவில்லை. 2018-லும் அதற்குப் புதிய பகுதிகள் வந்தன. இம்பரேட்டரின் பெரிய திருத்தம் வர ஏறக்குறைய 22 மாதம் ஆயிற்று. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசம் வந்தால் எப்படி இருக்கும்? பாயசத்தில் குறை இல்லை. உட்கார்ந்திருக்க ஆள் இல்லை.

இந்தப் பாடம் அப்போது எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஓராண்டு கழித்து என் வேலையிலேயே புரிந்தது. நான் கிடங்குகளுக்கான மென்பொருள் எழுதுகிற குழுவில் இருக்கிறேன். சரக்கு வருவது, போவது, சலான் போடுவது எல்லாம் அதில் நடக்கும். 2022-ல் அதை அடியோடு மாற்றி ஒரு புதிய பதிப்பு கொடுத்தோம். எங்கள் 2.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிடங்குகளில் முதலில் போட்டோம்.

முதல் கிடங்கின் ஸ்டோர் கீப்பர் வயதானவர். தினமும் காலையில் எனக்குப் போன். "தம்பி, பழசுல ரெண்டு தட்டு தட்டினா சலான் கையில வந்துடும். இப்ப ஆறு தட்டு தட்ட வேண்டியிருக்கு. வெளிய லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நீங்க ஏசி ரூம்ல உக்காந்து எழுதுறீங்க, இங்க வந்து ஒரு நாள் நில்லுங்க பாப்போம்!" என்று பொரிந்து தள்ளுவார். அவர் எண்ணைக் கைபேசியில் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

இரண்டாவது கிடங்கிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. மாதாந்தரக் கூட்டத்தில் நான் பெருமையாகச் சொன்னேன்: "இரண்டாவது இடத்தில் பிரச்சினையே இல்லை சார். முழு வெற்றி." மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் நீளமான கணக்கு நோட்டு, கயிற்றில் கட்டிய பேனா. எல்லாம் கையால் எழுதிக்கொண்டு, மாதக் கடைசியில் மட்டும் மொத்தமாகத் தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார்கள். "ஏங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன். அங்கிருந்த பையன் சாதாரணமாகச் சொன்னான்: "சொல்லி என்ன சார் ஆகப்போவுது?"

அந்த ஒரு வரி என்னைச் சுட்டது. ஏனென்றால் 2019-ல் நான் அந்த விளையாட்டைவிட்டு எழுந்து போனபோது என் மனதில் இருந்ததும் அதே வரிதான்.

ஊருக்குத் திரும்பிய மறு வாரமே முதல் கிடங்குக்குப் போய், அந்தப் பெரியவர் பக்கத்தில் ஒரு முழு நாள் நின்றேன். ஆறு தட்டை மூன்றாகக் குறைத்தோம். இரண்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. "பரவாயில்ல, மூணுக்கு ஓக்கே" என்று டீ வாங்கிக் கொடுத்தார். நான் பயந்து ஓடிய அந்தத் தினசரி வசவுதான் எங்களுக்குக் கிடைத்த சிறந்த சோதனை அறிக்கை என்று அன்றைக்குத் தெரிந்தது. திட்டுகிறவர் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறார். அவருக்கு நம்மிடம் எதிர்பார்ப்பு மிச்சம் இருக்கிறது. மௌனமாக நோட்டைத் திறந்தவர் போய்விட்டார். அவருக்காக எவ்வளவு நல்ல திருத்தம் செய்தாலும் அது அவர் கண்ணில் படாது.

மாணவச் செல்வங்களே, ஆகவே உங்களுக்கு இரண்டே விஷயம் சொல்கிறேன். செய்கிறவர்களாக இருக்கும்போது, வசவைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அதில் பாதி தவறாக இருக்கும், தொனி நிச்சயம் தவறாக இருக்கும். ஆனால் எங்கே வலிக்கிறது என்ற தகவல் பெரும்பாலும் சரியாக இருக்கும். 'மனா' வேண்டாம் என்று கத்தியவர்கள் மாற்று வழியைச் சொன்னார்களா என்றால், பலர் சொல்லவில்லை. வலிக்கிற இடத்தை மட்டும் சரியாகக் காட்டினார்கள். வைத்தியம் பொறியாளர் வேலை. பயன்படுத்துகிறவர்களாக இருக்கும்போது, திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் திட்டியவன் திரும்பி வந்து பார்க்கக் கடமைப்பட்டவன். சரி செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். இந்தக் கல்லூரியில் பருவ முடிவில் கருத்துப் படிவம் தருவார்கள். எங்கள் காலத்தில் எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று ஒரே கோடாக இழுத்துக் கொடுத்துவிட்டுக் கேன்டீனுக்கு ஓடுவோம். அந்தக் கோடுதான் துணி போர்த்திய கம்ப்யூட்டர். இப்போதும் அப்படித்தான் என்றால், தயவுசெய்து மாற்றுங்கள்.

இம்பரேட்டர் கதை அதோடு முடியவில்லை. நிறுவனம் கையை எடுத்த பிறகும் சில ரசிகர்கள் போகவில்லை. 'இன்விக்டஸ்' என்ற பெயரில் தாங்களே கூடுதல் பகுதி எழுதி, சம்பளமில்லாமல் அதை வளர்த்தார்கள். 2024-ல், வாருங்கள், எல்லோரும் மறுபடி ஆடுவோம் என்று ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். கூட்டம் கூடியது. அதே ஆண்டில் பாரடாக்ஸும் 2.0.4 என்ற சிறு திருத்தத்தை வெளியிட்டது. ஆண்டுக்கணக்கில் கைவிட்டிருந்த வீட்டில் யாரோ வந்து ஒரு விளக்கு மாட்டியது போல. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அப்போதுதான் என் 2019 மதிப்புரையைத் திறந்தேன். அழித்துவிடலாமா என்று முதலில் தோன்றியது. அழிக்கவில்லை. அன்று நான் எழுதியது அன்றைக்கு உண்மைதான். அதன் கீழே, "2021-ல் இவர்கள் சரிசெய்துவிட்டார்கள். நான்தான் பார்க்க வரவில்லை. வாங்கலாம்" என்று எழுதி, கட்டைவிரலை மேலே திருப்பினேன். ஐந்து ஆண்டு தாமதம். எனக்காகச் செய்தேன், அவ்வளவுதான்.

கடைசியாக, முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நேற்றிரவு வந்ததிலிருந்து, அறையில் மின்விசிறி சுற்றவில்லை, காலை பொங்கலில் உப்பு இல்லை, அந்த வேப்பமரத்தை ஏன் வெட்டினார்கள் என்று நம்மவர்கள் செயலாளர் அண்ணனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் முகம் வாடிப்போய் இருக்கிறது. அண்ணே, கவலைப்படாதீங்க. இவர்கள் எல்லோரும் இன்னும் நம் ஆட்கள். நம் வகுப்பில் அறுபது பேர். இன்று வந்திருப்பது பதினேழு. வராத நாற்பத்து மூன்று பேரிடமிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. அடுத்த முறை அழைப்பிதழை முதலில் அவர்களுக்கு அனுப்புங்கள். பாதிப் பேர் வீட்டுக்கு நானே நேரில் வருகிறேன்.